இதோ வந்துட்டேன்

மானேஜர் அந்தக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தது ஒரு குளிர்கால மதியம். மதியம் என்று கடிகாரம்தான் சொன்னது. வானம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எப்போதோ ஒரு பணக்காரன் தன் பெருமைக்குக் கட்டிய மாளிகை அது. பெருமை போனபிறகு முதியோர் இல்லமாக்கிவிட்டார்கள். மானேஜர் வாசலில் நின்று, பெயர்ப்பலகையில் பாதி மரத்துக்குப் பின்னால் மறையும்படி ஒரு படம் எடுத்து, 'எங்க ஆஸ்பத்திரி' என்று எழுதி அம்மாவுக்கு அனுப்பினான். படம் தெருவெல்லாம் சுற்றியது.

மானேஜர் என்பது அம்மா கொடுத்த பட்டம். ஒரு துணிக்கடை மாடிப்படியருகே நின்று, "மேல போங்க, மேல இன்னும் நிறைய இருக்கு" என்று சொல்லும் வேலையில் அவன் இருந்தபோதே அம்மா அவனை மானேஜர் ஆக்கிவிட்டாள். கடல் கடந்து வந்த பிறகு இறங்கி வர முடியுமா? இங்கே அவனுக்குக் கிடைத்தது, முடியாதவர்களைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்துவிட்டு, விரிப்பு மாற்றும் வேலை. வீட்டுக்குச் சொன்னது, "நிர்வாகம் பாக்கறேன்."

கற்றுக்கொள்ள நிறைய இருந்தது. இடித்தவனும் மன்னிப்புக் கேட்பான், இடிபட்டவனும் கேட்பான். எதிரே வருகிறவர்களெல்லாம் எப்படி இருக்கிறாய் என்று கேட்பார்கள். பதில் சொன்னால் பயந்துவிடுவார்கள். முதல் வாரம் ஒருவரிடம் அவன் தன் முதுகுவலியை ஆதியோடந்தமாக விளக்கத் தொடங்க, அவர் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கி ஓடிவிட்டார். சாப்பிட்டாயா என்று கேட்க அந்தக் கட்டடத்தில் ஒரே ஆள்தான் இருந்தாள். அடித்தளத்தில் துணி துவைக்கும் இயந்திரங்களோடு மல்லுக்கட்டும் சலவையக்கா. வந்து பல வருஷம் ஆகியும் தமிழை விடாதவள்.

அந்த இல்லத்தில் ஒவ்வொரு கட்டிலருகிலும் ஒரு மணி. அதை அடித்தால் வேலையாட்கள் மேசைக்கு மேலிருக்கும் பலகையில் அந்த அறையின் சிவப்பு விளக்கு எரியும். பொத்தானை அமுக்கினால் அறையோடு பேசலாம், அறையில் பேசுவதும் கேட்கும். ஆனால் விளக்கை அணைக்க வேண்டுமானால் அறைக்குள் போய், கட்டில் தலைமாட்டிலுள்ள விசையைத் தட்டியாக வேண்டும். போகாமலே போனதாகக் காட்டிக்கொள்ள வழியில்லை. நம்மவர்களை மனத்தில் வைத்தே எவனோ செய்திருக்கிறான்.

கடைசி அறையில் ஒரு கிழவி இருந்தாள். சொந்த மொழியே மறந்துபோனவள். யாராவது அந்த மொழியில் பேசினால் மிரண்டு அழுவாள். ஒருநாள் அவசரத்தில் மானேஜர் பொத்தானை அமுக்கி, வாய்க்கு வந்தபடி தமிழிலேயே, "இதோ வந்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டான். அந்தப் பக்கம் அழுகை நின்றது. அன்றிலிருந்து அதுவே மருந்து. மணி அடிக்கும். இவன் நாற்காலியை விட்டு அசையாமல் "இதோ வந்துட்டேன்" என்பான். தேநீர் குடித்து, கைபேசி பார்த்து, சோம்பல் முறித்த பிறகு போவான்.

சலவையக்கா ஒருமுறை இதைப் பார்த்துவிட்டாள்.

"வந்துட்டேன்னு சொல்ற, வரலியே?"

"சும்மா ஒரு பேச்சுக்குக்கா. நம்ம ஊர்ல எல்லாரும் சொல்றதுதான்."

"நம்ம ஊர்ல கேக்கறவனும் அதை நம்ப மாட்டான், தம்பி. இங்க நம்புவாங்க. வரேன்னா வரணும்."

கேட்கிறவர் நம்பமாட்டார் என்பதும் முழு உண்மையல்ல. அம்மா நம்பினாள். எப்பப்பா வர்றே என்று அவள் கேட்கும்போதெல்லாம் இவன், "இதோ வந்துட்டேன்" என்பான். சொன்ன அன்று அவள் உலையில் ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போடுவாள், வாசல் கதவைத் தாழிடாமல் படுப்பாள் என்று தங்கச்சி எரிச்சலோடு சொல்வாள். விடுப்புக் கேட்டால் கிடைக்கும். ஆனால் கங்காணிப் பதவி ஒன்று காலியாகப் போவதாகப் பேச்சிருந்தது. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பித்தளை வில்லை தருவார்கள். அதைக் குத்திக்கொண்டு போனால் பொய்யில் பாதியாவது மெய்யாகிவிடும். பதவிக்காக மகன் காத்திருந்தான். மகனுக்காகத் தாய் காத்திருந்தாள். இதற்கிடையில் அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது.

ஒரு மாலை, தோளில் கைபேசியை இடுக்கிக்கொண்டு அம்மாவிடம் தன் நிர்வாகத்தை அளந்துகொண்டிருந்தான். வெளியே எப்போதோ இருட்டிவிட்டது. கடைசி அறை விளக்கு எரிந்தது. பொத்தானை அமுக்கினான்.

"இதோ வந்துட்டேம்மா."

"வந்துட்டியா?" என்றாள் கைபேசியிலிருந்த அம்மா. "எங்கப்பா இருக்க? தெருமுனையிலயா?"

சிரித்துச் சமாளித்து, அவளுக்கும் அதையே சொல்லிவைத்தான். பேச்சு நீண்டது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

அவன் போனபோது கிழவி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தலையை வாரியிருந்தாள். காலில் செருப்பு. முகம் வாசலைப் பார்த்து. விருந்தாளியை எதிர்பார்க்கிற முகம்.

அவள் கை சில்லிட்டிருந்தது.

யார் போயிருந்தாலும் நடந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார். உண்மைதான். ஆனால் தனியாக நடந்திருக்காது.

படுக்கையைச் சுருட்டி, அறையைப் பூட்டினார்கள். மின்பணியாளர் வந்து மணியின் கம்பியைப் பிடுங்கி, சுருட்டி, பையில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் தேநீர் வேளையில் அந்த விளக்கு எரிந்தது.

மானேஜர் பழக்கத்தில் பொத்தானை அமுக்கிவிட்டான். வார்த்தை வாய்வரை வந்து நின்றது. ஒலிபெருக்கியில் இரைச்சல். அதற்கடியில் யாரோ தலை வாருகிற சத்தம். சீப்பு முடியில் சிக்கி, மெல்ல விடுபடுகிற சத்தம். பிறகு மூச்சு.

காதைக் கொடுத்துக் கேட்கிறவர்களின் மூச்சு.

பேய்க் கதைகளில் சூரர்கள் விளக்கேந்திப் போவார்கள். நம் மானேஜர் அடித்தளத்துக்கு ஓடி, சலவையக்காவின் பின்னால் ஒளிந்துகொண்டான். அவள் ஈரத் துணியை உதறிப் போட்டுவிட்டு மேலே வந்து பலகையைப் பார்த்தாள். அவளுக்கும் விளக்குத் தெரிந்தது.

"நீதானே வரேன்னு சொன்ன?" என்றாள் மெதுவாக. "போ. போய் நின்னுட்டு வா."

போனான். பூட்டைத் திறந்தான். உள்ளே கிருமிநாசினி வாசனையோடு, எண்ணெய் தேய்த்து வாரிய தலையின் வாசனை. வெறுங்கட்டில். அதன் கீழே, யாரோ எடுத்துப்போக மறந்த செருப்பு, வாசலைப் பார்த்து.

தலைமாட்டு விசையைத் தட்டினான். தாழ்வாரத்துக் கோடியில் சிவப்பு அணைந்தது.

அடுத்த நாளும் எரிந்தது. அதற்கடுத்த நாளும். போய் நின்றால் அணையும். தாமதித்தால் சீப்புச் சத்தம் வேகமாகும். வார்த்தையே வாயிலிருந்து போய்விட்டது அவனுக்கு. எந்த அறையில் மணி அடித்தாலும் பேசாமல் எழுந்து ஓடினான். கட்டடமே அசந்துபோனது. இப்படி ஓர் ஊழியனா என்று இல்லத்தின் நிஜ மேலாளர் எல்லோரையும் கூட்டிவைத்துப் பாராட்டி, அர்ப்பணிப்பைப் பற்றி ஒரு சொற்பொழிவும் ஆற்றி, பித்தளை வில்லையைத் தானே குத்திவிட்டார். கைதட்டினார்கள். அச்சத்துக்கு அர்ப்பணிப்பு என்று பெயர் வைத்தால் பதவி கிடைக்கும் என்பது எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

அன்றே விடுப்பு வாங்கி, விமானச் சீட்டு எடுத்தான். அம்மாவைக் கூப்பிட்டான்.

"அம்மா, நான் வரேன்."

அந்தப் பக்கம் மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"என்னப்பா, வரேங்கற? எப்பவும் வந்துட்டேன்னுல்ல சொல்லுவே. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேம்மா. இந்தத் தடவை நெசமா வரேன்."

"சரிப்பா" என்றாள். நம்பாத குரல். பொய்யை அத்தனை வருஷம் நம்பியவளுக்கு மெய்யைக் கேட்டுப் பழக்கமில்லை.

புறப்பட வேண்டியதற்கு முந்தைய நாள், மேசையில் அவன் தனியாக இருந்தபோது, தங்கச்சி கூப்பிட்டாள். அழுது முடித்த குரல்.

"அண்ணா, அம்மா போயிட்டா."

நடந்ததைச் சொன்னாள். காலையில் அம்மா தானாக எழுந்து உட்கார்ந்தாளாம். தலை வாரிவிடச் சொன்னாளாம். செருப்பைக் கேட்டாளாம். எங்கே போகப்போகிறாய் என்று தங்கச்சி அதட்டியதற்கு ஒரு பதில் சொன்னாளாம்.

"'அவனுக்கு அங்க பெரிய வேலை, விட மாட்டாங்க போல. நானே ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடறேன்'னா, அண்ணா. வாசலையே பாத்துட்டு உக்காந்திருந்தா. அப்படியே..." தங்கச்சி மூக்கை உறிஞ்சினாள். "நீ வர்ற வரைக்கும் வச்சிருக்க முடியாது. இப்பவே எடுக்கறாங்க."

கைபேசி கையிலேயே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே இருட்டு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

கடைசி அறை விளக்கு எரிந்தது.

எழுந்து, மறுபடி உட்கார்ந்தான். பொத்தானை மட்டும் அமுக்கினான். இரைச்சல். சீப்புச் சத்தம் இல்லை. ஒரு மூச்சு, இழுத்து இழுத்து. அது கிழவியின் மூச்சில்லை. அந்த மூச்சை அவனுக்குத் தெரியும்.

"இதோ வந்துட்டேம்ப்பா."

விளக்கு அணைந்தது.

அறைக்குள் நின்று யாராவது தட்டினாலொழிய அது அணையாது.

ஓடினான். பூட்டைத் திறந்தான். உள்ளே யாரும் இல்லை. கட்டிலின் கீழே கிழவியின் செருப்பும் இல்லை. பக்கத்தில் எங்கேயோ, அரிசி உலை கொதிக்கிற வாசனை மட்டும் வந்து, நின்று, போனது.

விமானம் அவன் இல்லாமலே போயிற்று. சலவையக்கா திட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். கருமாதிக்காவது போய்ச் சேரேன் என்றாள்.

"எப்படிக்கா போறது?" என்றான். "நான் அங்க போய், அவ இங்க வந்து, வழியில மாறிட்டா?"

சலவையக்கா முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அப்புறம் அவன் ஊருக்குப் போகவே இல்லை. வில்லையைக் கழற்றி மேலாளரிடமே கொடுத்துவிட்டான். மாலையில் வேலை முடிந்ததும் தலையை வாரிக்கொண்டு, கடைசி அறைக் கதவைத் தாழிடாமல் சாத்திவிட்டு, கட்டில் விளிம்பில் வாசலைப் பார்த்து உட்காருவான். சுவரிலிருந்து அம்மாவின் குரல் வரும். அதே வார்த்தை. தப்பாமல், தினமும்.

ஆள்தான் வருவதில்லை. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறாளோ என்று சில சமயம் தோன்றும்.

ஆனால் சலவையக்கா இப்போதெல்லாம் இருட்டியபின் கடைசி அறை இருக்கும் மாடிக்குத் துணி கொண்டுபோவதில்லை. மாடிப்படியில் ஒரு செருப்புச் சத்தம் கேட்கிறது என்கிறாள். மூச்சு வாங்கி வாங்கி, நின்று நின்று ஏறுகிற சத்தம். முதலில் அது கீழ்ப்படியில் கேட்டதாம்.

நேற்று, மேல்படிக்கு வந்துவிட்டதாம்.