விசில் பாதை

"வழியெல்லாம் விசில் அடிச்சுக்கிட்டே போனா, அவங்க எப்போ சாப்பிடுவாங்க?"

தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வந்த கூட்டத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அக்டோபரில் என்னிடம் கேட்ட கேள்வி இது.

அமெரிக்காவின் தெற்குக் கரோலைனாவில், ஆற்றங்கரையில் இருக்கிறது பெல்மோரா. ஒரு காலத்தில் அடிமைகள் நெல் விளைவித்த பண்ணை. இப்போது கமேலியா பூக்களையும் நரைத்த பாசி தொங்கும் ஓக் மரங்களையும் பார்க்கச் சீட்டு வாங்கிக்கொண்டு வருகிறார்கள். பதினோரு வருடமாக நான் அங்கே வழிகாட்டி.

சமையல்கட்டு தனிக் கட்டடம். அதன் படியிலிருந்து பெரிய வீட்டின் சாப்பாட்டு அறை வரை ஒரு செங்கல் பாதை. நடந்தால் நாற்பத்திரண்டு எட்டு. உணவைத் தூக்கிப் போகும் அடிமைப் பிள்ளைகள் அந்த நாற்பத்திரண்டு எட்டும் விசில் அடிக்க வேண்டும். விசில் அடிக்கும் வாயால் தட்டிலிருந்து எடுத்துத் தின்ன முடியாது. எஜமான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

நான் இதை வேடிக்கையாகச் சொல்வேன். வந்தவர்களையும் விசில் அடித்தபடி நடக்கச் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். என் முன்னோர் இதே வயலில் அடிமைகளாகக் குனிந்தவர்கள்தாம். இருந்தும் நானும் சிரித்தேன்.

அந்தச் சிறுமிக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன்: "விசில் அடிக்கிற வாய்க்குப் பசிக்காதும்மா."

அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் மதியம் சமையல்கட்டுப் படியில் உட்கார்ந்து, சோள ரொட்டியை வாயருகே கொண்டு போனேன். பாதையில் விசில் கேட்டது. மூன்று சுரம். நடுவில் சின்ன மூச்சு. மறுபடி மூன்று சுரம்.

தோட்டக்காரர் ஏமஸ்தான் விளையாடுகிறார் என்று நினைத்தேன்.

"ஏமஸ், வயசுக்கேத்த மாதிரி நடந்துக்குங்க."

அவர் புதருக்குப் பின்னாலிருந்து எழுந்தார். "நானா? எனக்கு முன்பல்லே இல்ல, மிஸ் வெர்னா. ஊதினா காத்துதான் வரும். அதுவும் உங்களைப் பார்த்து விசில் அடிக்க எனக்கென்ன பைத்தியமா?"

அவருக்கு எதுவும் கேட்கவில்லையாம்.

அன்றிலிருந்து உணவை வாயருகே எடுத்தபோதெல்லாம் அது கேட்டது. வீட்டிலும் கேட்டது. கணவர் காலமான பிறகு என் மேசையில் ஒரே தட்டுதான். அந்தத் தட்டுக்கு எதிரே, சுவருக்கு அப்பால், மூன்று சுரம். கரண்டியைக் கீழே வைத்துவிடுவேன். கர்த்தரிடம் மன்றாடினேன். ஆமென் சொல்லிக் கரண்டியைத் தூக்கினால், மறுபடி விசில்.

டிசம்பரில் மருத்துவர் என் எடையைப் பார்த்துத் திகைத்தார். இப்படியே போனால் ஈஸ்டரைப் பார்க்க மாட்டேன் என்றார். ஏமஸ்கூடக் கேலியை விட்டுவிட்டார். "சட்டைக்குள்ள ஆளையே காணோமே, மிஸ் வெர்னா," என்று முணுமுணுத்து, எனக்காகச் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொண்டு வந்தார். அதையும் விழுங்க முடியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வியாழன். மழை. பார்வையாளர் யாருமில்லை. மூன்று மணிக்கே ஏமஸ் கிளம்பிவிட்டார். ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி, ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. விறகு எரியாத சமையல்கட்டிலிருந்து அவித்த சோற்றின் வாசம் வந்தது.

மடியில் துணியை விரித்து ரொட்டியை எடுத்தேன்.

விசில்.

மிக அருகில்.

ஈரச் செங்கல் மேல் ஒரு கால்தடம் பதிந்தது. பிறகு இன்னொன்று. வெறுங்கால்கள். என் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு.

அவை என் முன்னால் நின்றன.

ரொட்டியை நீட்டினேன். "எடுத்துக்கோம்மா. சாப்பிடு."

விசில் நின்றது.

பெரிய வீட்டின் சாப்பாட்டு அறையில், யாருமில்லாத அறையில், ஒரு நாற்காலி தரையில் இழுபட்டது.

விசில் நடுங்கிக்கொண்டே மறுபடி தொடங்கியது. மூச்சு வாங்கும் இடம் அழுகைபோல் இருந்தது.

எனக்குப் புரிந்தது. உள்ளே இன்னமும் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ரொட்டியைத் துணியோடு படியில் வைத்துவிட்டு எழுந்தேன். "நான் அடிக்கிறேன்," என்றேன் மெதுவாக. "நீ உக்காரு."

ஞாயிற்றுக்கிழமைகளில் பாடும் ஒரு கீர்த்தனையை விசிலில் எடுத்தேன். காய்ந்த உதட்டில் முதலில் காற்றுதான் வந்தது. ஓர் எட்டு. இரண்டு. இருபதாம் எட்டில் மூச்சு முட்டிச் சத்தம் அறுந்தது.

நாற்காலி கிரீச்சிட்டது. கனமான ஒரு காலடி.

உதட்டை நாவால் ஈரமாக்கி மறுபடி ஊதினேன். நாற்பத்திரண்டாம் எட்டு. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்டது. நான் நகரவில்லை. ஊதிக்கொண்டே நின்றேன்.

எனக்குப் பின்னால், படியில், மெல்லும் சத்தம். முதலில் அவசரம் அவசரமாக.

பிறகு நிதானமாக.

அது ஓயும்வரை விசிலை நிறுத்தவில்லை. திரும்பிப் பார்த்தபோது படியில் ரொட்டி இல்லை. துணி நாலாக மடிந்திருந்தது.

அன்று மாலை, ஏமஸ் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போயிருந்த கிழங்கை முழுவதும் சாப்பிட்டேன்.

இப்போது கூட்டத்தை அந்தப் பாதையில் பேசாமல் நடக்கச் சொல்கிறேன். வெளிவாசலைப் பூட்டிய பிறகு, தினமும், ஒரு ரொட்டியைப் படியில் வைத்துவிட்டு நானே விசில் அடித்தபடி நடக்கிறேன். யாருக்கும் தெரியாது. சாப்பாட்டு அறையில் ஒரு நாற்காலி மட்டும், எத்தனை முறை சரியாகப் போட்டாலும், காலையில் கதவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது.

நேற்று அவசரத்தில் அந்த ஒரு ரொட்டியைத் தவிர எனக்கென்று எதுவும் கட்டிவரவில்லை. நடந்துவிட்டுத் திரும்பினேன். படியில் துணி விரிந்தே கிடந்தது.

அதன் மேல் ரொட்டியில் பாதி, பிட்டு வைக்கப்பட்டிருந்தது. காலையில் சுட்டது; இன்னும் சூடு ஆறவில்லை.

உட்கார்ந்து சாப்பிட்டேன். யாரும் விசில் அடிக்கவில்லை.