இரண்டு ஏழாம் எண் வீடுகள்

“என் வயர்ல உன் ஈரக் கம்பளத்தைக் காயப்போட்டா இன்டர்நெட் எப்படிம்மா வரும்? நீச்சலடிச்சுக்கிட்டா வரும்?”

“உன் வயரா? எங்க பால்கனிக்கு முன்னாடி தொங்குறது எதுவா இருந்தாலும் எங்களுக்கு அது கொடிதான்! அதுல உன் பேரா எழுதியிருக்கு?”

“எழுதி வேற வைக்கணுமா? எழுதினா அந்தப் பேரு மேலயும் உன் புருஷனோட பைஜாமாவைத் தொங்கவிடுவியே!”

எங்கள் துறைமுக ஊரின் கர்மூஸ் வட்டாரத்தில் எங்கள் சந்துக்கு அவ்வளவு அகலம் கிடையாது. எதிரெதிர்ப் பால்கனிகளில் இரண்டு பேர் நின்று கத்தினால் கீழே பழக்கடைக்காரர் ஆரஞ்சு நிறுப்பதை நிறுத்திவிடுவார். கடைக்குக் கயிற்றில் கூடையை இறக்கியவர்கள் மேலே இழுக்க மறந்துவிடுவார்கள். அன்று வியாழக்கிழமை மாலை, நாலாம் மாடியில் ஒருவர் சண்டை சரியாகக் கேட்கவில்லை என்று டிவியின் சத்தத்தைக்கூடக் குறைத்தார்.

இந்தப் பக்கம் கத்தியவள் சமீஹா, கம்பளத்துக்காரி. அந்தப் பக்கம் கத்தியவள் தஹானி, வயர்க்காரி. சமீஹாவின் மகள் லமீஸும் தஹானியின் மகன் தாமிரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. வழக்கமாக இப்படிப்பட்ட சண்டைக்கு முதல் வரிசையில் நிற்கிற லமீஸ், அன்று பால்கனிக்கே வரவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

திடீரென்று தஹானியின் குரல் இறங்கியது.

“எங்க வீட்டுக்காரரு ஜெனோவா துறைமுகத்துல ஒரு கடையில உக்காந்து வெறும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கிட்டிருக்காரு, சமீஹா. பெத்த பொண்ணோட முகத்தை இன்னும் பார்க்கல. இப்பத்தான் போன் பண்ணாரு. ‘பொழுது சாயுற வரைக்கும் இங்கேயே இருக்கேன், அப்புறம் கப்பல் கிளம்பிடும்’னாரு. மறுபடி இப்படிக் கரையில உக்கார ரெண்டு மாசம் ஆகும்.”

 சமீஹா கம்பளத்தை வயரிலிருந்து உருவி எடுத்தாள். கம்பளம் போன பிறகும் இன்டர்நெட் வரவில்லை.

தாமிரின் அப்பா ஹம்திக்குச் சரக்குக் கப்பலில் சமையல் வேலை. அவர் கடலில் இருந்தபோதுதான் குழந்தை ஜனா பிறந்தாள். அவளை அவருக்குக் காட்டுவதற்காகவே தஹானி எங்கிருந்தோ ஒரு பழைய கணினியும் கேமராவும் வாங்கினாள். எதிர்க் கட்டடத்து ரவூஃபிடம் கேட்டு ஒரு வயரும் இழுத்துக்கொண்டாள்.

ரவூஃப் இருந்தது லமீஸின் கட்டடத்தில், மேல்மாடியில். தொலைபேசிக்காரர்கள் கொடுத்த ஒரே ஒரு இணைப்பு அவன் வீட்டுக்கு வந்தது. அதை ஒரு பெட்டியில் செருகி, பெட்டியின் துளைகளிலிருந்து வீட்டுக்கு வீடு வயர் இழுத்திருந்தான். மொட்டைமாடி வழியாக, ஜன்னல் வழியாக, புறாக் கூண்டுக்கு அடியில் என்று எங்கும் வயர்தான். எங்கள் பக்கத்தில் எல்லாரும் இப்படித்தான் பங்கு போட்டுக்கொண்டோம். அவனைச் சந்தே ‘இன்ஜினியர்’ என்று கூப்பிட்டது. கல்லூரியில் அவன் இன்னும் இரண்டாம் ஆண்டுதான். ரொம்ப நாளாகவே இரண்டாம் ஆண்டுதான்.

வயரைச் சரிபார்க்க வந்தால் ரவூஃப் டீ குடிப்பான், டீ குடித்தால் பேசுவான். அப்படித்தான் லமீஸுக்கு விஷயம் தெரிந்தது.

“இங்க பாரு லமீஸ், நீ ஒரு படம் கேட்டேன்னு வெச்சுக்கோ. அது முழுசா வராது. சின்னச் சின்னப் பொட்டலமா உடைஞ்சு வரும். ஒவ்வொரு பொட்டலம் மேலயும் ஒரு நம்பர் இருக்கும். அந்த நம்பர் எந்தக் கணினிக்கோ, அங்க போய் எல்லாம் ஒண்ணு சேரும்.”

“எங்க நம்பர் என்ன அண்ணே?”

“நீளமா இருக்கும். முன்பாதி நம்ம சந்துக்கே பொது, தெருப் பேரு மாதிரி. கடைசியில வர்றதுதான் உன்னோடது. அதை நான் சுலபமா வெச்சுட்டேன். எந்த வீட்டுக் கதவுல என்ன எண்ணோ, அதேதான்! உங்களுக்கு ஏழு. எப்படி என் மூளை?”

மூளை நன்றாகத்தான் இருந்தது, ஒரே கட்டடத்துக்கு வயர் போன வரைக்கும். எதிர்க் கட்டடத்துக்குப் போனபோதும் ரவூஃப் கதவைப் பார்த்தான். தஹானியின் வீட்டுக் கதவிலும் ஏழு என்றுதான் இருந்தது.

லமீஸின் திரையின் ஓரத்தில் ஒரு குட்டிப் பெட்டி எட்டிப் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ‘இதே எண் இன்னொரு கணினியிலும் இருக்கிறது’ என்று அது நல்ல அரபியில் சொன்னது. லமீஸ் அதை மூடினாள். மறுநாளும் வந்தது. மறுநாளும் மூடினாள்.

சில நாளில் அவளுக்கே புரிந்துவிட்டது. ஒரே எண்ணோடு இரண்டு கணினி இருந்தால், முதலில் எழுந்ததற்குத்தான் இடம். பின்னால் எழுந்ததற்கு வாசல் அடைப்பு. இவளுக்கு இணைப்பு வந்த மாலையெல்லாம் எதிர் ஜன்னலில் தாமிர் விசைப்பலகையை ஓங்கி ஓங்கித் தட்டுவது தெரிந்தது. அவன் திரையிலும் அந்தப் பெட்டி வந்திருக்கும். ஆனால் அவனுடைய பழைய கணினி ஆங்கிலத்தில் பேசியது. ஏதோ விளம்பரம் என்று அவன் விட்டுவிட்டான். ரவூஃப் வந்து பார்த்தது ஒரு காலை நேரம், லமீஸின் கணினி அணைந்திருந்த நேரம். “எல்லாம் ஜோரா ஓடுதே!” என்று டீயைக் குடித்துவிட்டுப் போனான்.

தாமிரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் லமீஸ் நினைத்தாள். சனிக்கிழமை நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமையும் நினைத்தாள். ஆனால் மீன்கள் இருந்தனவே!

திரைக்குள் தொட்டி வைத்து மீன் வளர்க்கிற ஆட்டம் அது. தினமும் இரை போடாவிட்டால் மீன் மல்லாந்துவிடும். கடலுக்கு நடந்தே போகிற ஊரில் பிறந்துவிட்டு, கண்ணாடிக்குள் இல்லாத மீனுக்கு இல்லாத இரையைப் போட்டுக்கொண்டிருந்தாள். பள்ளி விட்டதும் தாமிர் “நில்லு லமீஸ், சேர்ந்து போலாம்” என்பான். “அவசரம்” என்று இவள் முன்னால் ஓடுவாள். அந்த வியாழக்கிழமை ஓடக்கூட இல்லை. காலையிலேயே கணினியைப் போட்டு, அப்படியே ஓடவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டாள். இடம் பறிபோகக் கூடாதல்லவா!

இப்போது திரைச்சீலைக்குப் பின்னால் நின்றபடி அவள் கணினியைத் திரும்பிப் பார்த்தாள். ஆரஞ்சு நிற மீன் ஒன்று வாயைத் திறந்து திறந்து மூடியது.  பட்டென்று கணினியை அணைத்தாள்.

அதோடு முடியுமா? தாமிரும் தன் கணினியை ஒரு முறை அணைத்துப் போட வேண்டும். அப்போதுதான் அதற்கு இடம் கிடைக்கும். யாராவது அவனிடம் சொல்ல வேண்டும். ஜன்னல் வழியே கையை ஆட்டினாள். தாமிர் பார்த்தான். கைகளில் கோல்கீப்பர் கையுறை மாட்டியிருந்தான். பள்ளி அணிக்கு அவனைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், அதை அப்பாவிடம் காட்டத்தான். பார்த்தவன் ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினான். அம்மாக்கள் சண்டை போட்டால் பிள்ளைகளும் அப்படித்தானே இருப்பார்கள்.

அதற்குள் ரவூஃப் மொட்டைமாடிக்கு ஏறிவிட்டான், கையில் கட்டிங் பிளேயரோடு.

“கம்பளத்துத் தண்ணி வயருக்குள்ள இறங்கியிருக்கும்! ரெண்டு பக்கமும் வெட்டிப் புதுசா இழுத்துடுறேன். ராத்திரிக்குள்ள முடிச்சிடலாம்!”

“ராத்திரிக்கு அவரு நடுக்கடல்ல இருப்பாரு!” என்றாள் தஹானி.

“வேற வழியில்லக்கா!”

லமீஸ் பால்கனிக்கு ஓடி வந்தாள்.

“ரவூஃப் அண்ணே, வெட்டாதீங்க! வயர்ல ஒண்ணுமில்ல!”

“இன்ஜினியர் நீயா நானா?”

“ரெண்டு பேருமில்ல,” என்றார் கீழே பழக்கடைக்காரர்.

“ரெண்டு வீட்டுக்கும் ஒரே நம்பரு! எங்களுக்கும் ஏழு, அவங்களுக்கும் ஏழு! நான் முதல்ல போட்டுட்டா அவங்களுக்கு வராது!”

 ரவூஃப் ஒரு கட்டடத்தைப் பார்த்தான், எதிர்க் கட்டடத்தைப் பார்த்தான். பிளேயரைப் பைக்குள் போட்டான்.

“இது உனக்கு எப்படித் தெரியும்?” என்று சமீஹா கேட்டாள்.

 லமீஸ் செருப்புக்கூடப் போடாமல் படியில் இறங்கி, சந்தைக் கடந்து, எதிர்க் கட்டடத்துப் படியில் ஏறினாள். கதவைத் திறந்தவள் தாமிரின் சித்தி நஷ்வா. பிள்ளை பிறந்த வீட்டுக்கு ஒத்தாசையாக வந்திருந்தவள்.

“கணினியை அணைச்சுப் போடுங்க சித்தி, சீக்கிரம்! எங்களோடதை அணைச்சுட்டேன்!”

தாமிர் பொத்தானை அழுத்தினான். பழைய கணினி. முனகியது, இருமியது, யோசித்தது. அது எழுந்திருக்கும்வரை சும்மா நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அதுதான் கஷ்டம்.

“உனக்கு எப்போ தெரியும்?” என்று தாமிர் கேட்டான்.

“போன வாரமே.”

“போன வியாழனும் அப்பா கூப்பிட்டாரே, அதுக்கு முன்னாடியேவா?”

லமீஸ் ஆமென்று தலையை ஆட்டினாள். தாமிர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

பிறகு கணினியில் மணி ஒலித்தது. திரையில் கட்டம் கட்டமாக ஒரு மூக்கு தெரிந்தது, ஒரு மீசை தெரிந்தது, அப்புறம் ஹம்தியின் முழு முகமும் வந்துவிட்டது.

“வந்துட்டீங்களா? எங்க அவ? எங்க என் ராஜாத்தி?”

கேமராவின் வயர் குட்டை. கேமராவைத் திரை மேலிருந்து கழற்றிக் கையில் பிடித்துக் குழந்தையின் முகத்துக்கு நேரே காட்ட ஒருவர் வேண்டும். நஷ்வாவின் கையில் குழந்தை. தஹானி அழுதுகொண்டிருந்தாள். தாமிர் கேமராவைப் பிடித்துக்கொண்டான், கையுறை போட்ட இரண்டு கைகளாலும், அசையாமல்.

“கொட்டாவி விடுறா பாரு! தஹானி, கொட்டாவிகூட அழகா இருக்கு! காதைக் காட்டு. எங்க அம்மா காதேதான். காலைக் காட்டு. அடடா, இவ்வளவுதானா காலு?”

அந்தப் பெரிய மனிதர் சிரித்தார், மூக்கை உறிஞ்சினார், மறுபடி சிரித்தார். அப்புறம் அவர் பின்னால் யாரோ வந்து தோளைத் தட்டினார்கள்.

“கப்பல்ல கூப்பிட்டுட்டாங்க. போயாகணும். தாமிர் எங்க? தாமிரைக் காணோமே?”

“இதோ இருக்கேன்ப்பா! நான்தான் கேமராவை...”

தாமிர் கேமராவைத் தன் பக்கம் திருப்பினான். கையுறைகளை முகத்துக்குப் பக்கத்தில் உயர்த்தினான். திரையில் அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலிதான் காலியாகத் தெரிந்தது.

தஹானி லமீஸைத் திட்டவில்லை. “நல்லவேளை வந்து சொன்னே கண்ணு,” என்று அவள் தலையைத் தடவிக்கூடக் கொடுத்தாள். திட்டியிருக்கலாம் என்று லமீஸுக்குத் தோன்றியது.

“என்னாலதான் உன் முறை போச்சு,” என்றாள் தாமிரிடம்.

தாமிர் கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தான். “ம்,” என்றான். கேமராவைத் திரை மேலே மாட்டிவிட்டு, “அப்பா எப்படிச் சிரிச்சாரு, பார்த்தியா?” என்றான்.

அன்றைக்கே ரவூஃப் வந்து எண்ணை மாற்றினான். “அந்தக் கட்டடத்துக்கு நூறுலருந்து ஆரம்பிக்கணும்னுதான் நானும் நினைச்சிட்டிருந்தேன்,” என்றான்.

“எங்களோடதை மாத்துங்கண்ணே,” என்றாள் லமீஸ். “அவங்களோடதைத் தொடாதீங்க.”

மாற்றினான். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் இணைப்பு வந்தது, இத்தனை சுலபமா என்று சந்தே சிரித்தது. சமீஹா ஒரு பாத்திரம் நிறைய மொலோகியாக் கீரை சமைத்துத் தஹானிக்கு அனுப்பினாள். பாத்திரம் திரும்பி வரும்போது அரிசிப் பாயசத்தோடு வந்தது. லமீஸ் பல நாள் கணினிப் பக்கமே போகவில்லை. போனபோது மீன்கள் எல்லாம் மல்லாந்திருந்தன. அவள் வேறு மீன் விடவில்லை. பள்ளியிலிருந்து வரும்போது தாமிரோடு சேர்ந்தே நடந்தாள். முதலில் சில நாள் அவன் அதிகம் பேசவில்லை.

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வயரைச் சரிபார்க்க வேண்டும் என்று ரவூஃப் எதிர்க் கட்டடத்துக்கு நித்தமும் போனான். அவ்வளவு நன்றாக ஓடிய வயரை எந்த ஊரிலும் யாரும் அத்தனை முறை சரிபார்த்திருக்க மாட்டார்கள். கோடை முடிவதற்குள் அவனுக்கும் நஷ்வாவுக்கும் கல்யாணம் ஆனது. ஹம்தி திரும்பி வந்தார். இனி கடல் வேண்டாம் என்று டாமியெட்டா என்ற ஊரில், கரையிலேயே ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டார். பள்ளிகள் திறக்கும் முன்னால் தஹானி கட்டிலையும் தொட்டிலையும் பழைய கணினியையும் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு பிள்ளைகளோடு அங்கே போய்விட்டாள்.

தாமிர் இப்போது அங்கிருந்து லமீஸைக் கணினியில் கூப்பிடுகிறான். எந்த ஆட்டத்தில் எத்தனை பந்தைப் பிடித்தான், எந்தப் பந்தை விட்டான் என்று ஒன்றுவிடாமல் சொல்கிறான். அவன் பேச ஆரம்பித்தால் முடிக்க ரொம்ப நேரமாகிறது. லமீஸ் நடுவில் குறுக்கிடுவதே இல்லை.