மூன்று தடவை

அச்சு இயந்திரம் அடித்த முதல் வரி சிங்காரம் அனுப்பியதல்ல.

சோதித்துப் பார்க்க 'வணக்கம்' என்று ஒரு செய்தி கொடுத்திருந்தான். மூலையிலிருந்த இயந்திரம் கொஞ்சநேரம் முனகிவிட்டுக் கடகடவென்று அடித்தது. தாளைக் கிழித்துப் பார்த்தான். 'மணி 3:10. உள்ளே ஆள்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. வணக்கம் அதற்குக் கீழேதான் இருந்தது.

நெல்லிவாசல்நாடு என்ற மலையூருக்கு மேலே ஒரு கல்லூரி கட்டியிருந்த சின்ன வானாய்வுக் கூடம் அது. ஐப்பசி மழையில் நான்கு நாளாகப் பகலும் இருட்டிக்கொண்டே கிடந்தது. அவன் அறைக்கும் தொலைநோக்கி இருந்த இடத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சன்னல். அதற்கு அந்தப்பக்கம் குவிமாடத்தின் உருண்டைக் கூரை, தண்டவாளத்தின் மேல் சக்கரங்களில் சுற்றுவது. மோட்டாரை ஓட்டுவது சிங்காரம் எழுதிய புரோகிராம். தண்டவாளத்துக்குக் கிரீஸ் வைக்கப் போகிறவர் சுவரோரச் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் திரையில் 'உள்ளே ஆள்' என்று வரும், மோட்டார் ஓடாது.

ஆவணி வரைக்கும் அந்த வேலையைப் பார்த்தவன் மலைக்காரன் ரங்கன். ஒருமுறை அழுத்தினால் போதும். அவன் மூன்று தடவை அழுத்துவான். காட்டில் ஒரு குரல் ஒரு தடவை கூப்பிட்டால் அவன் ஊரில் யாரும் திரும்பமாட்டார்கள். மூன்று தடவை கூப்பிட்டால்தான் மனுஷன். "ஒரு வாட்டின்னா அது இன்னாவா வேணா இருக்கலாம் சார்" என்று பல்லைக் காட்டுவான்.

ஒவ்வொரு தடவையும் புரோகிராம் நின்று நின்று ஓடியதில் சிங்காரத்துக்கு எரிச்சல். ஒருநாள் ஒரே ஒரு வரி சேர்த்தான்: சிவப்புப் பொத்தானிலிருந்து எது வந்தாலும் தூக்கி எறி. சாயங்காலம் எடுத்துவிடலாம் என்று நினைத்து, மறந்தும் போனான். மறுநாள் மூன்றே முக்காலுக்கு மோட்டாரை ஓட்டினான். ரங்கன் உள்ளே தண்டவாளத்தின் மேல் குனிந்து கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான்.

"பொத்தானை அவன் அமுக்கவே இல்ல சார். செய்தி எதுவும் வரல." விசாரணையில் கண்ணிமைக்காமல் சொன்னான். எல்லாரும் நம்பினார்கள். ரங்கனின் மனைவி குப்பம்மாள் மட்டும் அவன் மூஞ்சிக்கு நேரே நின்றாள். "எங்கூட்டுக்காரரு மூணு வாட்டி அமுக்காத இருக்கமாட்டாரு. இன்னமும் அமுக்கினுதான் இருப்பாரு. நீ பதில் சொல்ற வரிக்கும் உடமாட்டாரு."

இனி வருகிற ஒவ்வொரு செய்தியும் நேரத்தோடு தாளில் பதிவாக வேண்டும் என்பது கல்லூரியின் உத்தரவு. நாளைக் காலை புரோகிராமை வரிவரியாகப் படிக்க ஆட்கள் வருகிறார்கள். இன்றைக்குள் பதிவுப் பகுதியை முடித்துவிட்டு அந்த ஒற்றை வரியை அழித்துவிட்டால், ரங்கன் செத்தது ரங்கனுடைய தப்பு என்றே இருந்துவிடும்.

வரியைத் திரையில் தேடினான். அங்கேதான் இருந்தது. அது இருக்கும்வரை பொத்தானின் செய்தி புரோகிராமுக்குள் நுழையவே முடியாது.

ஜீப் ஓட்டும் துரைக்கண்ணு கதவில் தலையை நீட்டினார். "ஆலங்காயம் போய்ட்டு வர்றேன் சார். இன்னா, மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்குது?"

"உள்ள யாராவது இருக்காங்களாண்ணே?"

"யாரு இருக்கப் போறாங்க? நாந்தான பூட்டினேன். சாவி ஆணியில தொங்குது பாருங்க."

ஜீப்பின் சத்தம் வளைவு வளைவாக இறங்கித் தேய்ந்தது. பிறகு மழை மட்டும். அந்த மழையின் ஈரவாடைக்குள் எங்கிருந்தோ கிரீஸ் வாசனை வந்தது. இரண்டு மாதமாக அந்த டப்பாவை யாரும் திறக்கவில்லை.

இயந்திரம் மறுபடி அடித்தது. மணி 3:28. உள்ளே ஆள்.

இரண்டு.

மழைத்தண்ணீர் பொத்தான் பெட்டிக்குள் இறங்கியிருக்கும், வயர் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். நாளைக்கு அவர்கள் முன்னால் இப்படி அடித்தால் தொலைந்தோம். வயரைப் பிடுங்கிவிட வேண்டும். மூன்றாவது வருவதற்குள்.

பூட்டைத் திறந்து உள்ளே போனான். கிரீஸ் நாற்றம் தொண்டையை அடைத்தது. பெட்டி தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம், தாழ்வாக இருந்தது. ஒரு காலைத் தண்டவாளத்தின் மேல் மடக்கிக் கையை நீட்டினான்.

பெட்டி காய்ந்திருந்தது. தூசி. பொத்தானின் மேல் மட்டும் ஒரு விரல்ரேகை. கறுப்பாக. ஈரமாக.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொத்தான் உள்ளே போனது. வெளியே வந்தது.

மூன்று.

பதில் சொல்ல வேண்டும். என்ன பதில் என்று அவனுக்குத் தெரியும். வாயைத் திறந்தான்.

"நான் ஒண்ணும் பண்ணல. நீதான் அமுக்கல."

மோட்டார் உறுமியது.

காலை இழுத்தான். பேண்ட் நுனி சக்கரத்தில் சிக்கியிருந்தது. பொத்தானை அழுத்தினான். கூரை நகர்ந்தது. இன்னொரு தடவை. கணுக்காலில் இரும்பு குளிர்ந்தது. மூன்றாவது தடவை. இரண்டு கையாலும்.

நிற்கவில்லை. வரியை அவன் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தான்.

சன்னலைப் பார்த்துக் கத்தினான். அவன் நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். தலை ஒருபக்கமாக நசுங்கியிருந்தது. அது எழுந்து, இயந்திரத்திலிருந்து தாளை அவசரமில்லாமல் கிழித்து, கிரீஸ் பூசிய விரல்களால் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தது.

மணி 3:45. செய்தி எதுவும் வரவில்லை.