இடப்பக்கக் கடைசி ஆள்

வரிசையில் இடப்பக்கக் கடைசி ஆள் பாஸ்ஸுதான். அவனுக்கு வலப்புறம் நூறு தப்படி தள்ளி மோஹா, மோஹாவுக்கு அப்பால் ஹத்து, அவனுக்கும் அப்பால் இன்னும் மூன்று பேர். இடப்புறம் அடிவானம் வரை கறுத்த சரளைக்கல்லைத் தவிர ஒன்றுமில்லை. அப்படியிருக்க, அந்த ஒன்றுமில்லாத பக்கத்திலிருந்துதான் யாரோ கல்லை மிதித்து நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பாஸ்ஸு நின்றான். சத்தமும் நின்றது. ஆனால் உடனே நிற்கவில்லை. எடுத்த காலை வைத்துவிட்டு நிற்கிறவனைப் போல, ஒரே ஒரு ‘சரக்’ கழித்து நின்றது.

எதிரொலி என்று சொல்லிக்கொண்டான். தட்டையான வெளியில் எதிரொலிக்க ஒன்றுமே கிடையாது என்பது இருபது வருடமாக இங்கே கல் தேடுகிற அவனுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் மனசுக்கு ஏதாவது சமாதானம் சொல்லத்தானே வேண்டும்.

எட்டு நாளைக்கு முன், மாலைத் தொழுகைக்கு ஜனங்கள் கைகால் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், பாலைவன ஓரத்துத் தகூனிட் ஊரே பார்க்க ஒரு நெருப்பு வானத்தின் குறுக்கே போயிற்று. மூன்று முறை இடித்தது. ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. மறுநாளே மோட்டார் சைக்கிளும் ஒட்டகமும் பிக்கப் வண்டியுமாக நாலு ஊர் ஆண்களும் இந்த வெளிக்கு வந்து இறங்கிவிட்டார்கள். புதிதாக விழுந்த விண்கல்லுக்குத்தான் மவுசு. ஒரு மழை பட்டுவிட்டால் எர்ஃபூத் சந்தைக் கல் வியாபாரி உதட்டைப் பிதுக்குவான்.

நாலு ஊரும் ஒரே வெளியில் தேடும்போது வாயைத் திறப்பவன் முட்டாள். ‘கிடைச்சிடுச்சு’ என்று ஒரு குரல் கேட்டால் போதும், ஊர்க்கூட்டம் மொத்தமும் அங்கே வந்து விழும். அதனால் ஹத்துவின் கோஷ்டியில் நடக்கும்போது பேச்சே கிடையாது. கல்லைக் கண்டவன் தலைப்பாகையை அவிழ்த்துத் தூக்கிப் பிடிக்க வேண்டும். துணி உயர்ந்தால் வரிசை மொத்தமும் அவனிடம் கூடும். கூடியதும், எதையும் ஒளித்து வைக்கவில்லை என்று காட்ட ஆறு பேரும் பையைக் கவிழ்த்துக் கொட்டுவார்கள். எது கிடைத்தாலும் சம பங்கு. துணிக்கு ‘கல்’ என்ற ஒரே அர்த்தம்தான். ஆபத்து என்று சொல்ல அவர்களிடம் தனியாக ஒரு சைகை இல்லை. இரண்டு வருடம் முன்பு வரை அப்படி ஒன்று வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

காலையில் வண்டி நிழலில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போதே ஹத்து சீண்டினான். கோஷ்டிக்குத் தலைவன் அவன்தான், வாய் கொஞ்சம் நீளம்.

“என்னடா பாஸ்ஸு, இன்னைக்கும் ஓரம் உனக்குத்தானா? பாட்டன் எழுதி வச்ச சொத்து மாதிரி அந்த இடத்தையே புடிச்சுக்கிற?”

“ஓரத்துலதான்ணே காத்து வருது.”

“காத்தா? ரொட்டி அடுப்பைத் தொறந்து விட்ட மாதிரி அடிக்குது. அதுக்குப் பேரு காத்தா?”

மோஹா சிரித்தான். இந்தக் கோஷ்டிக்கு அவன் புதுசு. முப்பது வயது, மூன்று பிள்ளைக்குத் தகப்பன், செத்துப்போன யிதிரின் மைத்துனன்.

“அவரு இஷ்டப்படி நடக்கட்டும்ணே. அக்கா காலையில என்ன சொல்லி அனுப்பிச்சா தெரியுமா? ‘பாஸ்ஸு அண்ணன் பக்கத்துலயே நட. அவரு கண்ணு எதையும் விடாது. அன்னைக்கு மட்டும் புழுதி அடிக்காம இருந்திருந்தா என் வீட்டுக்காரரை அவருதான் பார்த்திருப்பாரு’ன்னா.”

பாஸ்ஸு கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான். தேநீரை ஒரே மடக்கில் குடித்தான். சர்க்கரை அள்ளிப் போட்ட தேநீர்தான், ஆனால் நாக்கில் புழுதி ருசி.

இரண்டு வருடம் முன், அன்றைக்கு இடப்பக்கக் கடைசி ஆள் யிதிர். அவனுக்கு அடுத்தவன் பாஸ்ஸு. யிதிரின் தலைப்பாகை மஞ்சள். அவன் மனைவி இத்தோ தன் கையாலேயே சாயம் தோய்த்தது, எவ்வளவு தூரத்திலும் தெரியும். முற்பகலில் பாஸ்ஸுவின் காலடியில் ஒரு கல் கிடந்தது. வறுத்த காப்பிக்கொட்டை நிறம், ஆட்டுத்தலை அளவு, ஒரு பக்கத்தில் ஈரக் களிமண்ணை யாரோ ஐந்து விரலால் அழுத்தியது போல ஐந்து குழி. எடுக்கும்போது அவன் விரல்கள் அந்தக் குழிகளில் அளவெடுத்த மாதிரி போய் உட்கார்ந்தன. தலைப்பாகையை அவிழ்க்கத்தான் கையைத் தூக்கினான். தூக்கிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வலப்புறம் ஒரு பார்வை பார்த்தான். யாரும் பார்க்கவில்லை. கல் பைக்குள் பேரீச்சம்பழத்துக்கு அடியில் போயிற்று.

இடப்புறம் திரும்பியபோது மஞ்சள் துணி உயர்ந்திருந்தது.

போனால் பையைக் கவிழ்க்க வேண்டும். அதனால் அவன் பார்க்காதவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொஞ்ச தூரம் நடந்து மறுபடி ஓரக்கண்ணால் பார்த்தான். துணி இறங்கவில்லை. கல்லைக் கண்டவன் காத்திருப்பான், நம்முடையதை முதலில் பக்கத்திலிருந்த சின்னப் பாறைக்குப் பின்னால் புதைத்துவிட்டு வருவோம் என்று நினைத்தான். புதைத்துவிட்டு நிமிர்ந்தபோது புழுதி எழும்பி வெளியை மூடியிருந்தது.

மறுநாள்தான் யிதிர் கிடைத்தான். தூர்ந்துபோன பழைய கிணற்றின் வாய் உள்வாங்கி, இடது கால் தொடை வரை புதைந்து எலும்பு முறிந்திருந்தது. உட்கார்ந்தபடியே இருந்தான். வலது கை தலைக்கு மேல் நேராக நின்றது. துணி காற்றோடு போய்விட்டது. குளிப்பாட்டும்போது இரண்டு பேர் சேர்ந்து அழுத்தியும் அந்தக் கை இறங்கவில்லை. சவக்குழியைத்தான் நீளமாக வெட்ட வேண்டியிருந்தது.

“யாராவது துணியைப் பார்த்தீங்களாடா?” என்று ஹத்து ஒவ்வொருவனையும் நிற்க வைத்துக் கேட்டான்.

“புழுதிண்ணே. ஒண்ணும் தெரியல,” என்றான் பாஸ்ஸு.

புதைத்த கல்லை யாருக்கும் தெரியாமல் எடுத்து விற்றான். அந்தக் காசில் வந்த பிக்கப் வண்டியில்தான் இன்று கோஷ்டியே வருகிறது. மாதா மாதம் இத்தோ வீட்டு வாசலில் ஒரு மூட்டை மாவு இறக்கிவைக்கிறான். நல்ல மனுஷன் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவான். அன்றிலிருந்து ஓரத்தை அவன் விடுவதில்லை. தனக்கு இடப்புறம் துணி தூக்க ஒருத்தன் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் காரணம்.

ஆனால் இப்போது இருந்தான்.

சரக். இழுப்பு. சரக். இழுப்பு. வெயில் உச்சிக்கு ஏற ஏற, காய்ந்த சரளையின் சுட்ட வாசனையும் வியர்வையின் உப்பும் தன் மூச்சின் சூடும் தவிர வேறொன்றும் இல்லாத அந்த வெளியில், ஒரு காலை ஊன்றி மறு காலை இழுக்கும் அந்தச் சத்தம் அவன் நடக்கும் வேகத்துக்குச் சரியாக, முந்தாமலும் பிந்தாமலும் கூடவே வந்தது. ஓரக்கண்ணில் ஏதோ மஞ்சளாக ஆடியது. நேராகத் திரும்பிப் பார்த்தால் கானல் மட்டும் தண்ணீர் போல நெளிந்தது. முன்னால் திரும்பினால் மறுபடி மஞ்சள்.

யிதிர் செத்த பிறகு ஹத்து புதிதாக ஒரு ஏற்பாடு செய்திருந்தான். அரை மணிக்கு ஒருமுறை வரிசை நிற்கும். வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொருவனாகக் கை தூக்க, ஹத்து எண்ணிப் பார்த்து, தலையசைத்த பிறகுதான் நடக்க வேண்டும். இப்போது வரிசை நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, ஹத்து, மோஹா. பாஸ்ஸு கையைத் தூக்கினான். ஆறு.

ஹத்து தலையசைக்கவில்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, பாஸ்ஸுவைத் தாண்டி இடப்புறம் பார்த்துக் காத்திருந்தான். பிறகு திருப்தியாகத் தலையசைத்துவிட்டு நடந்தான்.

பாஸ்ஸுவின் முதுகில் வியர்வை சில்லிட்டது. நடுப்பகல் வெயிலில்.

ஓடிப்போய் ஹத்துவிடம் ‘யாரைண்ணே பார்த்தீங்க’ என்று கேட்கலாம். கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். சொல்லிவிடலாமா? மோஹாவைப் பார்த்தான். அக்கா சொன்னபடி, இடைவெளி பிசகாமல் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தான். மத்தியானம் ரொட்டி சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தான். இப்படி முடிவு செய்த மத்தியானங்கள் இரண்டு வருடத்தில் எத்தனையோ.

இழுக்கும் சத்தம் நின்றது.

இடப்புறம் திரும்பினான். இந்த முறை கானல் கலையவில்லை. நூறு தப்படியில், தரையோடு தரையாக ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. தலைக்கு மேல் நேராக ஒரு கை. கையில் மஞ்சள் துணி. காற்று வலுத்து வீசியது. துணி மட்டும் ஆடவில்லை.

கால்கள் வேண்டாம் என்றன. ஆனால் இன்னொரு தரம் முகத்தைத் திருப்பிக்கொள்ள அவனிடம் தெம்பில்லை. “வர்றேன் யிதிர்,” என்றான். “இதோ வந்துட்டேன், மன்னிச்சிரு, வந்துட்டேன்.” தடுக்கித் தடுக்கி ஓடினான்.

போய்ச் சேர்ந்த இடத்தில் யாருமில்லை.

தரையில் ஒரு கல் மட்டும் கிடந்தது. காப்பிக்கொட்டை நிறம். ஆட்டுத்தலை அளவு. குனிந்து எடுத்தான். ஐந்து விரலும் ஐந்து குழியில் போய் உட்கார்ந்தன.

விற்ற கல். எப்போதோ கடல் தாண்டிப் போய்விட்ட கல். உள்ளங்கையில் அது வெதுவெதுப்பாக இருந்தது.

தலைப்பாகையைத் தூக்கியிருக்க வேண்டும். அதற்காகத்தான் ஓடிவந்தான். ஆனால் மனசு யோசிப்பதற்குள் கழுத்து வலப்புறம் திரும்பி, மோஹா பார்க்கிறானா என்று பார்த்துவிட்டது. மோஹா பார்க்கவில்லை. கை கல்லைப் பைக்குள் போட்டுவிட்டது.

காலடியில் தரை பெருமூச்சு விட்டது.

இடது கால் தொடை வரை உள்ளே போயிற்று. உள்ளே எங்கோ ஒரு சுள்ளி ஒடிந்த சத்தம். அது தன் எலும்பு என்று புரிய ஒரு கணம் ஆனது. கத்தினான். காற்று வரிசைப் பக்கமிருந்து வந்து அந்தக் கத்தலை வெறும் வெளிக்குள் கொண்டுபோயிற்று.

துணி. துணியைத் தூக்க வேண்டும். தூக்கினால் எல்லாரும் வருவார்கள். பையைக் கவிழ்ப்பார்கள். கல்லைப் பார்ப்பார்கள்.

அந்த வலியிலும் அவன் யோசித்தான். கொஞ்ச நேரம்தான். ஆனால் யோசித்தான்.

பிறகு தலைப்பாகையை அவிழ்த்து, வலது கையை நேராக உயர்த்தினான்.

மோஹா நின்றான். துணியைப் பார்த்தல்ல. காலடியில் எதையோ பார்த்து. குனிந்தான். எடுத்தான். கை தலைப்பாகைக்குப் போகப் பார்த்து, பாதியில் இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டது. வலப்புறம் ஒரு பார்வை. பைக்குள் ஒரு அசைவு.

ஐயோ, வேண்டாம் மோஹா.

மோஹா இடப்புறம் திரும்பினான். நேராகப் பார்த்தான். கண்ணும் கண்ணும் சந்தித்தன. பார்க்காதவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“மோஹா!” காற்று. “மோஹா, பார்த்தியே! நீ பார்த்தியேடா!” காற்று மட்டும். அது துணியையும் அவன் விரலிலிருந்து உருவிக்கொண்டு போயிற்று. கை நின்றபடி நின்றது.

தூரத்தில் வரிசை நின்றது. எண்ணிக்கை நேரம். ஒன்று, இரண்டு, மூன்று, ஹத்து. மோஹா கையைத் தூக்கினான். ஹத்து பாஸ்ஸுவின் பக்கம் பார்த்தான். வெறும் கை உயர்ந்திருந்தது. ஆறு.

இறக்க வேண்டும். இறக்கினால் எண்ணிக்கை பிசகும், ஹத்து தேடி வருவான். கையை இறக்கு. இறங்கவில்லை. இடது கையால் பிடித்து இழுத்தான். உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு இழுத்தான். இறங்கவில்லை.

ஹத்து இன்னும் தலையசைக்கவில்லை. பாஸ்ஸுவைத் தாண்டி இடப்புறம் பார்த்து, நிதானமாக, விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தான். ஏழு. எட்டு. ஒன்பது.

பாஸ்ஸு இடப்புறம் திரும்பினான்.

நூறு தப்படியில் யிதிர். அவனுக்கு அப்பால் நூறு தப்படியில் இன்னொருவன். அவனுக்கும் அப்பால் இன்னொருவன். அடிவானம் வரை ஒரே வரிசை. எல்லாரும் தொடை வரை தரைக்குள். எல்லாருடைய கையும் நேராக மேலே. எல்லா முகமும் அவன் பக்கம்.

ஹத்து திருப்தியாகத் தலையசைத்தான். வரிசை நடந்தது.