அழியாத மூலை

கம்ப்யூட்டர் திரையின் இடது கீழ் மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செம்மண் நிறம் மட்டும் அழியாமல் நின்றது, கண்ணுகளா. வினோலியா அழித்தாள். மறுபடி வந்தது.

நைட் ஷிப்ட் முடித்து வந்தவன் உறங்கும் வீட்டைப் பகலில் பார்த்திருப்பீர்கள். ஜன்னலில் கறுப்புக் கம்பளி தொங்கும், குக்கர் விசில் போடாது, பேச்சுகூட மூச்சுக்குள்ளேதான் நடக்கும். அப்படி இருண்ட கூடத்தில், வாசற்கதவை ஒட்டிய மேசையில் அவள் வேலை செய்துகொண்டிருக்க, உள்ளறையிலிருந்து கணவன் ஜெபினின் குறட்டையும், தூரத்து நிலக்கரி மைன்ஸிலிருந்து கன்வேயர் பெல்ட்டின் ஓயாத உறுமலும், பூட்டிய கதவுக்குள்ளும் புகுந்துவிடும் கரித்தூளின் வாசமும் வீடு முழுக்க நிறைந்திருந்தன. தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்தவளுக்கு அந்தக் குறட்டைதான் சொந்தம், பந்தம் எல்லாம். அவன் பெர்மனென்ட் ஆன பிறகு, மந்தாரக்குப்பத்து ஒற்றை அறையை விட்டு இந்த குவார்ட்டர்ஸுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மாங்கன்று வைக்கத் தோட்டத்தில் குழி தோண்டியபோது ஓர் உரல் கிடைத்தது. "நமக்கு முன்னாடி யாரோ வூடு கட்டி வாழ்ந்த எடம் வினோ," என்றான் ஜெபின். அதைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துதான் தினமும் ஷூ மாட்டுவான்.

ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னும் சில கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல ஓடவைக்கும் மென்பொருளில் அவளுக்கு வேலை. உள்ளே ஓடும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் படம் காட்ட டிரைவர் என்ற ஒரு சின்ன நிரல் வேண்டும். அந்தப் படம் தங்குவதற்கு நினைவகத்தில் ஓர் இடம் வேண்டும், அந்த இடத்துக்கு ஒரு முகவரி வேண்டும். பழைய பதிப்பில் எல்லாம் சரியாக இருந்தது. புதிய பதிப்பில் யாரோ கைவைத்துக் கெடுத்திருந்தார்கள்.

சென்னையிலிருந்து டீம் லீடர் சக்கரபாணி போனில் வந்தார்.

"ஒரே அட்ரஸ்ல ரெண்டு குடித்தனம் நடக்குதும்மா. அதான் ஒருத்தர் வீட்டுப் படம் இன்னொருத்தர் வீட்ல தெரியுது."

"யாரைக் காலி பண்றது சார்?"

"முதல்ல வந்தவங்களுக்கு விட்டுடுங்க. பின்னால வந்தவங்களை எடுத்துடுங்க. அது சரி, ஏன் ரகசியம் பேசுறீங்க? ஏதாச்சும் திருட்டுக் கல்யாணமா?"

"வீட்டுக்காரர் தூங்குறார் சார்."

அவர் சிரித்துக்கொண்டே வைத்தார். அவள் எழுதத் தொடங்கினாள்.

எழுத எழுத மூலை வளர்ந்தது. மண் தரை தெரிந்தது. கோலப்புள்ளிகள் தெரிந்தன. அதற்கு அப்பால் ஒரு நிலைப்படி, நிலைப்படிக்கு உள்ளே ஓர் ஆள் பாயில் படுத்திருந்தான். ஈரக் காகிதத்தின்மேல் இன்னொரு காகிதம் ஒட்டிக்கொண்டதுபோல அவன்மேல் வேறொரு உடம்பு படிந்திருந்தது. நீலக் கட்டம் போட்ட லுங்கி.

ஜெபினின் லுங்கி.

இரண்டு மார்பும் சேர்ந்தே ஏறி இறங்கின. உள்ளறைக் குறட்டையின் தாளத்தில். கரித்தூள் வாசத்தை மீறிச் சாணத்தின் வாசம் வந்தது.

பிரித்துவிட வேண்டும். அவளுக்கு அது ஒன்றுதான் தோன்றியது. மிச்ச வரிகளை எழுதி முடித்து, ஓடவிட்டாள்.

திரை சுத்தமானது. மூலைக்கு மூலை பளிச்சென்று.

குறட்டை நின்றது. இழுத்த மூச்சு பாதியிலேயே.

முதலில் வந்தவர்களுக்கு விட்டுவிடு. பின்னால் வந்தவர்களை எடுத்துவிடு. அவளே எழுதியது. தன் கையால்.

பழைய பதிப்பைத் திரும்ப ஏற்ற விரலை வைத்தாள். விசை அமுங்கவில்லை. விரல்தான் அமுங்கியது.

உள்ளறையில் யாரோ இருமினார்கள். ஜெபின் இல்லை.

"எழுந்திரிங்க, பொழுது ஏறிக்கினு போவுது," என்றது ஒரு பெண்குரல். "வூடு பூரா குப்பை. யாரு வூட்டுக் குப்பையோ."

விளக்குமாறு தரையில் உரசும் சத்தம்.

உள்ளறைக் கதவு இருந்த இடத்தில் கதவு இல்லை. பெருக்கிக்கொண்டே அந்தக் குரலுக்குரியவள் வந்தாள். ஒரு வீச்சு. சிமெண்ட் போய்ச் செம்மண். இன்னொரு வீச்சு. ஜெபினின் ஹெல்மெட் இருந்த இடத்தில் மண். அவன் ஷூ. மண். அடுத்த வீச்சு வினோலியாவின் காலடிக்கு.

வினோலியா குனிந்து பார்த்தாள். கால் இல்லை.

கத்த வாயைத் திறந்தாள். பழக்கம் விடவில்லை, கண்ணுகளா. விழித்துக்கொள்வானே என்று மூச்சுக்குள்ளேதான் கூப்பிட்டாள்.

"என்னங்க..."

அந்தப் பெண் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. சாணத் தண்ணீரை அள்ளித் தெளித்தாள். மாவுக் கிண்ணத்தை எடுத்தாள். வினோலியா இருந்த இடத்தில் குனிந்து, முதல் புள்ளியை வைத்தாள்.