பதினோரு விநாடிக் குரல்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு குரலைப் பற்றிச் சொல்லப்போகிறேன். பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு தையல்காரி, உச்சிப்பொழுதில், ஒலிப்பதிவுக் கடையின் மாடிப்படி ஏறி வந்தாள். பையில் ஒரு கேசட். இருபது வருடங்களுக்கு முன்னால், சண்டை போட்டுக்கொண்டு போன தங்கை போன் பண்ணியிருந்தாள். இவள் பக்கத்திலேயே நின்றும் வீம்புக்கு எடுக்கவில்லை. போனோடு இருந்த டேப் மெஷின் குரலைப் பிடித்துவைத்தது. அன்று சாயங்காலமே தங்கை லாரியில் அடிபட்டுப் போய்விட்டாள்.

"அக்கா, எடு. நீ அங்கதான் நிக்கிறேன்னு தெரியும்."

கடைக்காரர் போட்டுக் கேட்ட கேசட்டில் மொத்தமே பதினோரு விநாடி. குரல் நடுங்கியது.

"அழுதாளா தம்பி? அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "டேப் ஒரே வேகத்துல ஓடாதும்மா. என் ஸ்கூட்டர் மாதிரி இழுத்து இழுத்துப் போகும். குரலும் கூட ஆடும். அடியில கரண்ட் ரீங்காரம் கேக்குதில்ல? அது ஆடக்கூடாத சத்தம். அதை நேராக்கினா குரலும் நேராயிடும். அப்புறமும் நடுங்கினா, அது அவங்க நடுக்கம்."

கம்ப்யூட்டரில் ஏற்றி, நேராக்கி, போட்டுக் காட்டினார்.

நடுக்கமே இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல்.

தையல்காரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "இன்னொரு தடவை போடுங்க."

இந்தமுறை 'எடு' லேசாக நடுங்கியது.

"அது உங்க மனப்பிரமைம்மா. டேப்புதான் ஆடும். கம்ப்யூட்டர்ல எத்தனை தடவை போட்டாலும் இம்மி பிசகாது."

மூன்றாம் முறை விம்மல் கேட்டது. அடியில் ரீங்காரம், இழுத்துக் கட்டிய நூல் போல நேராக ஓடியது. அறையில் ஈரத் தார்ச்சாலையின் வாடை.

நான்காம் முறை யாரும் போடவில்லை.

தானாகவே ஓடியது.

பத்து. பதினொன்று. திரையில் கோடு முடிந்து நின்றது.

மூச்சு மட்டும் நிற்கவில்லை.

கடைக்காரர் ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கினார். ரீங்காரம் அறுந்தது.

மூச்சு இருந்தது.

தையல்காரி ஸ்பீக்கரை இரண்டு கையாலும் வாரியெடுத்தாள். "இருக்கேன்டி. இங்கதான் இருக்கேன். அழாத."

விம்மல் அடங்கியது.

"இப்பவாவது எடுத்தியே," என்றது குரல். "வச்சிடாதே அக்கா."

அவள் வைக்கவில்லை. இன்றும் ஒற்றைக் கையால்தான் தைக்கிறாள். மற்றக் கை, ஒயரில்லாத அந்த ஸ்பீக்கரைக் காதோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. துணி கொடுக்கப் போகிறவர்களிடம் மெதுவாகப் பேசச் சொல்கிறாள்.

உங்கள் வீட்டில் கோபங்கள் பொழுது சாய்வதற்குள் ஆறட்டும், கண்ணுகளா. கூப்பிடுகிறவர்களும் பதில் சொல்கிறவர்களும் நூறு வயது நிறைவாக இருக்கட்டும்.