சாயங்காலச் சங்கு

ஆம்பூருக்கு வெளியே பாலாற்றங்கரையில் மூடிக்கிடந்த தோல் பதனிடும் டேனரிக்குள் தமிழினி அம்மாவைக் கூட்டிக்கொண்டு நுழைந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. வாசலில் சென்னைக் கார்கள், பெங்களூருக் கார்கள். ஒரு காலத்தில் பச்சைத்தோல் இறங்கிய மேடையில் காபி ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த நாத்தத்துக்கா டிக்கெட் போட்டு வர்றாங்க?" என்றாள் எல்லம்மா.

"நாத்தம் போய்டுச்சு மா. அதான் வர்றாங்க."

ஹேமந்த் பெங்களூருக்காரன். சத்தத்தையே கலையாகச் செய்கிறவன். பாட்டு கிடையாது, தாளம் கிடையாது. இரும்பு உரசுவதையும் மரம் முனகுவதையும் மைக்கில் பிடித்துப் பெரிதாக்கிக் கேட்கவைப்பான். அவன் இந்தக் கட்டடத்தை வாடகைக்குப் பிடித்துக் கூடமாக்கிய நாளிலிருந்து தமிழினிக்கு இங்கே வேலை. வீட்டில் முதல் பட்டதாரி. நாற்காலி போடுவதும் அவள்தான், 'உழைப்பின் ஓசை' என்று ஆங்கிலத்தில் நோட்டீஸ் எழுதுவதும் அவள்தான். இன்றைக்கு எல்லம்மா பழையபடி தோலைப் பலகையில் இழுத்து ஆணியடிக்க வேண்டும். அந்தச் சத்தம்தான் நிகழ்ச்சி.

தமிழினிக்கு இதில் இஷ்டமில்லை. அம்மாவுக்கு வீசிங். தோல் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைவிட, இந்தக் கட்டடத்தின் கழிவுத்தொட்டியில்தான் அப்பா ஆதிகேசவன் செத்தார். அடைப்பெடுக்க இறங்கியவர் ஏறவில்லை. தூக்கப்போன எதிர்வீட்டுப் புகழேந்தியும் ஏறவில்லை. விஷவாயு. அன்றோடு டேனரியை மூடிவிட்டார்கள்.

"இப்பக்கூட வேணாம்னு சொல்லிடலாம் மா."

"சும்மா இருடி. இத்தன வருஷமா கேட்டுக்குள்ள ஒருத்தன் என்ன உட்டானா? இன்னிக்கி சேர் போட்டுக் கூப்புடுறாங்க."

ஹேமந்த் எல்லம்மாவிடம் ஓடிவந்தான். "அக்கா, ஒரு சர்ப்ரைஸ். கூரை மேல இருந்த சங்கை ரிப்பேர் பண்ணிட்டேன்."

ஷிப்டுக்கு ஊதும் சைரனைத்தான் இங்கே சங்கு என்பார்கள். காலையில் வேலைக்குக் கூப்பிட நீளமாக ஒரு முறை. சாயங்காலம் வீட்டுக்கு அனுப்ப இரண்டு முறை.

எல்லம்மா கூரையையே பார்த்தாள். "அன்னிக்கி சாயங்காலம் ஊதவே இல்ல தம்பி. எல்லாரும் தொட்டிகிட்ட நின்னோம். யாருக்குக் கை வரும்?"

"அப்போ நாமளும் ஒரே தடவ ஊதுவோம். முடிவே இல்லாத ஷிப்ட். செமையா இருக்கும்."

அவனை அறையலாம் போலிருந்தது தமிழினிக்கு. அறையவில்லை.

ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி இழுத்தார்கள். கூடம் முழுக்க இருட்டு. சின்ன மேடையில் உட்கார்ந்த எல்லம்மாவின் தலைக்கு மேல் ஒற்றை பல்பு. அவளுக்குப் பின்னால் தோலைப் போட்டுச் சுற்றவிடும் மரத்தாலான பெரிய டிரம்கள். மோட்டார்களை எப்போதோ கழற்றி விற்றாகிவிட்டது.

சங்கு ஊதியது. நீளமாக, ஒரு முறை.

எல்லம்மா ஆணியடித்தாள். டொக். ஸ்பீக்கர்கள் அந்தச் சத்தத்தைச் சுவரெல்லாம் மோதவிட்டன. டொக். டொக். ஆட்கள் கண்ணை மூடிக் கேட்டார்கள்.

பிறகு வேறொரு சத்தம். மரம் புரளும் சத்தம். உள்ளே தண்ணீர் அலம்பி, நனைந்த தோல் தொப்பென்று விழுந்து, மறுபடி புரண்டு.

டிரம் சுற்றுகிறது.

தமிழினி ஹேமந்தின் மேசைக்குப் போய்க் குனிந்தாள். "இது எங்க ரெக்கார்ட் பண்ணது?"

அவன் முகம் வெளுத்திருந்தது. "நான் இன்னும் எதையும் ப்ளே பண்ணலங்க."

சுண்ணாம்பு நெடி மூக்கில் ஏறியது. அதற்குக் கீழே அழுகிய முட்டை நாற்றம். அவளுக்கு அது தெரியும். அப்பாவின் சட்டையை ஆஸ்பத்திரியில் கொடுத்தபோது அதில் இருந்த நாற்றம்.

எல்லம்மா வேகமாக அடித்தாள். இன்னும் வேகமாக. மூச்சு இழுத்தது. அந்த இழுப்பும் ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது. முன்வரிசையில் ஒருவன் போனைத் தூக்கிப் படம் பிடித்தான். அழகாம்.

தமிழினி மேடையேறி அம்மாவின் கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. கட்டைவிரல் நசுங்கி ரத்தம். சுத்தியல் நிற்கவில்லை.

"மா. எழுந்திரு. வீட்டுக்குப் போலாம்."

"எப்டிடி வர்றது? சங்கு ஊதல. மேஸ்திரி திட்டுவாரு."

"எந்த மேஸ்திரி? யாரும் இல்ல மா!"

எல்லம்மா இருட்டைப் பார்த்துத் தலையாட்டினாள். "உங்கப்பாவும் அங்கதான் நிக்கிறாரு. அவரும் சங்குக்குத்தான் பாக்குறாரு."

உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"ஒயர எல்லாம் புடுங்குங்க!" என்று தமிழினி கத்தினாள். ஹேமந்த் பிடுங்கினான். மேசையின் விளக்குகள் அணைந்தன.

சத்தம் நிற்கவில்லை.

எல்லா டிரம்மும் சுற்றின. அம்மாவின் மூச்சு விசிலடித்து, அறுந்து, மறுபடி பிடித்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான், தாங்கமாட்டாள். தமிழினி நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். வாசல் சுவரில் சங்கின் ஸ்விட்ச். அழுத்தினாள். ஊதியது. விட்டாள்.

மறுபடி அழுத்தினாள்.

டிரம்கள் தேய்ந்து தேய்ந்து நின்றன.

அப்புறம் காலடிகள். வெறுங்கால்கள், ஈரமாக, அவசரமில்லாமல், அவளை உரசிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போயின. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கூடத்தில் கைதட்டல் எழுந்தது. சிலர் எழுந்து நின்று தட்டினார்கள்.

எல்லம்மா சுத்தியலைக் கீழே வைத்தாள். மூச்சு சீராகியிருந்தது. "முடிஞ்சிதா? வா, போலாம். ஒல வெக்கணும்."

வழியில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்குக் காதே கொடுக்கவில்லை. நடையில் மட்டும் ஒரு புது வேகம்.

வீட்டுக்கு வந்ததும் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். துண்டை எடுத்துப் பின்கதவுக்கு வெளியே கொடியில் போட்டாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குப் பின்னால் யாரோ சொம்பால் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்ளும் சத்தம்.

"யாரு மா அது?" என்றாள் தமிழினி.

"டேனரில வேல செஞ்சவரு குளிக்காம உள்ள வருவாராடி?"

அப்போதுதான் தெருவில் அந்தத் தட்டல் கேட்டது. எதிர்வீட்டுக் கதவை யாரோ தட்டுகிறார்கள். புகழேந்தியின் வீடு. அவன் பொண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்ப் பல வருஷம். பூட்டுத் துருப்பிடித்துத் தொங்குகிறது. தட்டல் பொறுமையாக, மரியாதையாக, நின்று நின்று கேட்டது.

ஜன்னல் வழியே பார்த்தாள். படியில் ஆள் இல்லை. படி மட்டும் நனைந்திருந்தது.

"அவ போய்ட்டான்னு அவருக்கு யாரு சொன்னா?" என்றாள் எல்லம்மா. "பாவம், எங்க போவாரு?"

தட்டல் நின்றது. ஈரக் காலடி தெருவைக் கடந்து வந்தது.

எல்லம்மா இன்னொரு தட்டை எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

"இவ்ளோ நாள் வேல செஞ்சிட்டு வந்திருக்காரு. கதவத் தெற, தமிழு."

வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தமும் நின்றது.